கிரீஸ் போட்ட அம்பு

ரேடியோவின் மேல் விழுந்த முதல் வாளித் தண்ணீரைத் தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். யாரோ கடை வாசலைக் கழுவினார்கள், இவன் குறுக்கே போனான். இரண்டாவது வாளிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அது குறி பார்த்து வந்தது.

"அண்ணி, நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்னு இவங்ககிட்ட சொல்லுங்களேன்" என்று சட்டை நுனியைப் பிழிந்தான்.

அண்ணி திரும்பியே பார்க்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்ததாகப் பொய் சொல்லி வருகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவள் அவள். அந்த வேலையை விட்டதும் வீட்டு முன்னறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். உடனே, நல்ல வேலை கிடைக்கும்வரை உன்னோடு இருக்கட்டும் என்று புருஷனின் தம்பியை மாமியார் வீட்டில் அவள் தலையில் கட்டினார்கள். நல்ல வேலை இன்றுவரை கிடைத்தபாடில்லை. வாயை அணைக்கப் பொத்தான் இல்லாதவன் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் ரேடியோ.

பட்டறைகளும் டயர்கடைகளும் நெருக்கியடித்து நிற்கிற அந்தத் தெரு, ஊரின் பெரிய சந்திப்பில் போய் முடிகிறது. ஐந்து சாலைகள் கூடுகிற இடம். காலையில் அங்கே மாட்டிக்கொண்டவன் மதியம்தான் வெளியே வருவான். அதற்கு மருந்தாக ஒரு திட்டம் வந்தது. நடுவிலிருந்த வட்டத்தை எடுத்துவிட்டு சிக்னல் போடுவது, இரண்டு சாலைகளை ஒருவழியாக்குவது, பட்டறைத் தெருவின் வாயை அடியோடு அடைத்துவிடுவது. ஊர் மூச்சு விட வேண்டாமா என்று கேட்டார் திட்டத்தின் எஞ்சினியர். எங்கள் கழுத்தை நெரித்துத்தான் ஊர் மூச்சு விட வேண்டுமா என்று திருப்பிக் கேட்டது தெரு. அதைக் கூட்டம் போட்டு, மைக் பிடித்துக் கேட்டவர் தெருவின் வெல்டர்.

அந்த மைக்தான் இப்போது அவருக்கு எமனாகி நின்றது. வெள்ளோட்டத்துக்காக வைக்கப்போகிற அம்புப் பலகைகளை எல்லாம் திருப்பிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று அன்றைக்கு அவர் ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். முந்தாநாள் விடியற்காலையில் அப்படியே நடந்தது. தெருமுனை அம்பு வலப்பக்கம் காட்ட வேண்டியது, இடப்பக்கம் காட்டியது. பத்திரிகைக் கட்டு ஏற்றி வந்த வேன்காரர் அதை நம்பித் திரும்பினார். புதிய நடைபாதைக்காகத் தோண்டிய பள்ளம் காத்துக்கொண்டிருந்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்து இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். முந்தின இரவு வெல்டர் அந்த அம்பின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றதை ஒரு வாட்ச்மேன் பார்த்திருக்கிறான். போலீஸ் வந்து அழைத்துப் போய்விட்டது. இன்று மதியம் கோர்ட். போனால் வருஷக்கணக்கில் உள்ளேதான்.

வேடிக்கை என்னவென்றால் தெருவுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. பெருமைதான். வெல்டர் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சிங்கம் என்று போட்டுக் கட்டிவிட்டார்கள். செய்தது அவர்தான், நமக்காகத்தான் செய்தார், அவ்வளவுதான் தீர்ப்பு. அப்படிப்பட்ட சிங்கத்தை ஆடு என்று நிரூபிக்க ஒரு பெண்பிள்ளை வருகிறாள் என்றால் வாளியைத் தூக்காமல் என்ன செய்வார்கள்?

அண்ணியை அழைத்தது வெல்டரின் மனைவி. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை அவள்.

"அவரு நிரபராதின்னு நிரூபிக்கச் சொல்லி உங்களைக் கூப்பிடலை. செஞ்சாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும். என் தம்பியும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்தான். வேணும்னே ஒரு டிரைவர் காலை ஒடிச்சவரோட என்னால குடும்பம் நடத்த முடியாது. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

கேட்டால் புருஷனும் வாயைத் திறக்கவில்லையாம். ஒரு மாதமாகவே ஆள் சரியில்லையாம். தெருவைத் தோண்டியதிலிருந்து பட்டறைக்கு ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை, ஆனால் ராத்திரியானால் சங்க வேலை என்று கிளம்பிவிடுவார், எப்போது வருவார் என்று தெரியாது. சொல்லிக்கொண்டே துவைத்த துணியிலிருந்து அவர் சட்டையை எடுத்து உதறி மடித்தாள். மார்புப் பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"வெல்டர் வீட்டுப் பூச்சிக்கும் பசிக்கும்தானே" என்றான் ரேடியோ.

அண்ணி சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "பூச்சி ஓரம் கருகக் கருக அரிக்காது, தம்பி. இது வெல்டிங் பொறி." பிறகு அந்தம்மாளிடம், இந்தச் சட்டை எப்போது வாங்கியது என்று விசாரித்தாள். மூத்த பெண் பிறந்தநாளுக்கு எடுத்தது, போன மாதம்தான் என்று பதில் வந்தது. வேலையே இல்லாத வெல்டரின் புதுச்சட்டையில் எப்படிப் பொறி பறந்தது என்பது ரேடியோவுக்கே உறைத்தது. அந்தம்மாளுக்கும் உறைத்திருக்க வேண்டும். சட்டையை வெடுக்கென்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பட்டறை வாசலில் நின்றுவிட்டாள் அண்ணி. பூட்டிய கதவுக்கு முன்னால், யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுத்துப்போகாத இரும்பு கேட் ஒன்று இரண்டு தூண்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. யானை நுழைகிற அளவு. அதைச் சுண்டுவிரலால் தொட்டாள். சத்தமே இல்லாமல் அது திறந்துகொண்டு போய், போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது.

எதிர்க்கடையில் கைகட்டி நின்ற டயர்கடைக்காரரால் பெருமையை அடக்க முடியவில்லை. எங்க ஆள் மாட்டின கேட் அப்படித்தான், குழந்தை ஊதினாலும் திறக்கும், கீல் முள்ளில் கிரீஸ் தடவாமல் கையைக் கழுவ மாட்டார் என்று சொல்லிவிட்டு, விரோதியிடம் பேசிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது வாளி வருவதற்குள் ரேடியோ அண்ணியை இழுத்துக்கொண்டு நகர்ந்தான்.

சந்திப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. மஞ்சள் ஹெல்மெட்டோடு நடுவில் நின்ற எஞ்சினியரிடம் அண்ணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதுமே அவர் முகம் சுருங்கிவிட்டது. குற்றவாளி பிடிபட்ட பிறகு என்ன துப்பு வேண்டிக்கிடக்கிறது என்றார். வழியில் நின்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று புகார் கொடுப்பேன் என்றும் சொன்னார்.

"சார், இங்க போக்குவரத்துன்னு ஒண்ணு நடந்தாத்தானே இடைஞ்சல்?" என்றான் ரேடியோ. அவர் முறைத்தார்.

விழுந்த வேனின் பக்கத்தில் நின்ற அம்பு ஸ்டாண்டைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அதன் இடத்தில் அதன் கூடப்பிறப்பு ஒன்று நின்றது. இரும்புக் கால்கள் மேல் மணல்மூட்டை. மேலே செங்குத்தான ஒரு இரும்பு முள்ளில் கோத்த அம்புப் பலகை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இப்போது அதை மெல்லிய கம்பியால் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மற்ற முனைகளில் நின்ற ஸ்டாண்டுகளுக்கும் அதே கட்டு.

கம்பி எப்போது போட்டது என்று கேட்டாள் அண்ணி. விபத்து நடந்த அன்று காலையே, போலீஸ் வருவதற்கு முன்பே போட்டுவிட்டதாக எஞ்சினியர் தன் சுறுசுறுப்பைச் சொன்னார். இன்னொரு ரவுடி வந்து திருப்பிவிடக் கூடாதல்லவா?

அண்ணி ரேடியோவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவன் கம்பியின் முனையைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினான். அவிழ்ந்துவிட்டது. எஞ்சினியர் பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டு, தானே மறுபடி முறுக்கிக் கட்டினார். 

"இந்தக் கம்பி ரவுடியோட கையை நிறுத்தாது சார்" என்றாள் அண்ணி. "வேற எதை நிறுத்தக் கட்டினீங்க?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு இவர்களை அப்புறப்படுத்தச் சொன்னார். போகிற வழியில்தான் ரேடியோ தன் விரலைப் பார்த்தான். கறுப்பாக, பிசுபிசுவென்று, கிரீஸ். பேன்ட்டில் துடைக்கப் போனவனின் மணிக்கட்டை அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே இருக்கட்டும். உன் உடம்புல பேசாம இருந்து வேலை செய்யுற ஒரே உறுப்பு அதுதான்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமையாக இருந்தார். ஜெயித்தவனின் பொறுமை. மைக்கில் விட்ட சவால், வாட்ச்மேன் சாட்சி, எல்லாவற்றுக்கும் மேலே அம்பின் முள்ளில் கிரீஸ், வெல்டரின் விரலிலும் கிரீஸ். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். ரேடியோ தன் விரலை நீட்டி, அப்படியானால் என்னையும் பிடியுங்கள் என்றான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கிண்டல் பண்ணினால் நிஜமாகவே உள்ளே வைப்பேன் என்றதும் விரல் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

வெல்டர் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பருத்த தோள், தூங்காத கண். அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஒரு மாசமா ராத்திரியில யாருக்கு வேலை செஞ்சீங்க?"

வெல்டர் அண்ணியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு எழுந்து இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"நான்தான் திருப்பினேன். எழுதிக்குங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். இந்தம்மாவை மட்டும் வெளிய அனுப்புங்க."

இரண்டு நாளாக வாய் திறக்காத ஆள் தானாக ஒப்புக்கொண்டதில் இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். ஜீப்பை எடுக்கச் சொன்னார். ரேடியோ அண்ணியின் பின்னால் வாசலுக்கு வந்தான். அந்தப் பெண்ணிடம் போய் இனி என்ன சொல்வது? பெட்டியைக் கட்டச் சொல்ல வேண்டியதுதான்.

"எதுக்குத் தம்பி முகத்தைத் தொங்கப் போடுற?" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள் அண்ணி. "நான் கேட்டதுக்கு அவர் பதில் சொல்லலை. கேட்காததுக்குச் சொன்னார். ஜெயிலைவிட என் கேள்விதான் அவருக்குப் பயமா இருக்கு. வெல்டரோட வீட்டுக்காரிக்குப் போன் போட்டு தெருமுனைக்கு வரச் சொல்லு. கோர்ட்டுக்குப் போற ஜீப் அந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் போகணும். அவ்வளவு சீக்கிரத்துல தாண்டாது."

அவள் சொன்னது பலித்தது. ஜீப் வந்தபோது அந்தப் பக்கம் ஒரு அங்குலம் நகரவில்லை. நெரிசலைத் தீர்க்க வந்த திட்டம் போலீஸ் ஜீப்பையே விழுங்கி உட்கார்ந்திருந்தது. சிங்கத்தை வழியனுப்ப தெருவே வாசலுக்கு வந்து கோஷம் போட்டது. டயர்கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். ஜீப்புக்குள் வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கோஷம்தான் அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தது என்று ரேடியோவுக்குத் தோன்றியது. கூட்டத்தின் ஓரத்தில் அவர் மனைவி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

அண்ணி ஜீப்பின் ஜன்னலில் குனிந்து, வண்டி எப்படியும் நகரப் போவதில்லை, இறங்கி வந்து ஒரு வேடிக்கை பாருங்கள் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டாள். வெயிலில் வெந்துகொண்டிருந்தவர் திட்டிக்கொண்டே இறங்கினார். ரேடியோ அம்பு ஸ்டாண்டின் கம்பியை அவிழ்த்தான். எஞ்சினியர் தடுக்க ஓடிவந்தார், இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அவரை நிறுத்தினார். எதற்கும் இருக்கட்டும் என்று பள்ளத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டான் ரேடியோ. யாரும் அம்பைத் தொடக் கூடாது என்றாள் அண்ணி.

எதிர்ப்பக்கம் பச்சை சிக்னல் விழுந்தது. காத்திருந்த பஸ் ஒன்று சீறிக்கொண்டு ஸ்டாண்டை ஒட்டிப் போனது. அம்பு மெல்ல அசைந்தது. பின்னாலேயே ஒரு லாரி. அந்தக் காற்றில் அம்பு சத்தமில்லாமல் திரும்பி, வலப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது இடப்பக்கம் காட்டி, பள்ளத்தை நோக்கி நின்றது.

கோஷம் பாதியில் அறுந்தது.

"திரும்பவே கூடாத சாமானுக்கு யாராவது கிரீஸ் போடுவாங்களா இன்ஸ்பெக்டர்?" என்றாள் அண்ணி. "ஒரே ஒருத்தர் போடுவார். ஆயுசு முழுக்க கேட் செஞ்சவர். கேட் லேசா ஆடணும், அதுதான் அவருக்குப் பேரு. தாழ்ப்பாள் பத்தி அவர் யோசிக்கவே வேண்டாம், அது சுவர்ல இருக்கும். நடுரோட்டுல சுவருக்கு எங்க போறது? இந்த அம்பை யாரும் திருப்பலை. இதைச் செஞ்சவரே இவர்தான்."

எஞ்சினியர் எதையோ மறுத்துப் பேச ஆரம்பித்தார். அண்ணி அவரை விடவில்லை. வெள்ளோட்டத்துக்கு அவசரம், ஸ்டாண்ட் செய்ய வேண்டிய கம்பெனி கையை விரித்திருக்கும், நாலு அடி தள்ளி நல்ல கைவேலைக்காரர் சும்மா இருக்கிறார், மைக்கில் கத்தினாலும் அடுப்பு எரிய வேண்டுமே என்று ராத்திரியோடு ராத்திரியாக அவரிடம் வேலை வாங்கியிருக்கிறீர்கள். சோதித்துப் பார்க்காமல் ரோட்டில் வைத்தும் விட்டீர்கள். விபத்தன்று அம்பைப் பார்த்ததுமே உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதனால்தான் மற்றவற்றைக் கம்பியால் கட்டினீர்கள். அது காற்றுக்குக் கட்டிய கம்பி. கட்டிவிட்டு, பழியைத் தூக்கி இவர் மேல் போட்டீர்கள். இவர் மறுக்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும், மறுத்தால் உங்களுக்கு வேலை செய்தது தெருவுக்குத் தெரிந்துபோகும்.

எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள். வெல்டர் தானாகவே இறங்கி வந்தார். தெருவைப் பார்க்கவில்லை, அண்ணியைத்தான் பார்த்தார்.

"உங்களை யாரும்மா காப்பாத்தச் சொன்னது?" என்று கேட்டார். "அன்னைக்கு ராத்திரி வந்து பார்த்தேன். அம்பு கொஞ்சம் நகர்ந்திருந்துச்சு. நேரா வெச்சேன். ஒரு டாக், ஒரு பொட்டு வெல்டிங், அடிச்சா நின்னுடும்னு தெரியும். ஆனா இந்த இடத்துல பொறி பறந்தா தெருவே எட்டிப் பார்க்கும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு போயிட்டேன். விடியறதுக்குள்ள அந்தப் பையன் விழுந்துட்டான்."

 டயர்கடைக்காரர் காறித் துப்பினார். வெல்டர் காலடியில்தான் துப்பினார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். ஷட்டர்கள் இறங்கின. சிங்கப் படத்தை யாரோ கயிற்றைக் கத்தரித்துக் கீழே இறக்கினார்கள். நல்ல காரியம் செய்துவிட்டு இவ்வளவு கேவலமாக உணர்ந்தது ரேடியோவுக்கு அதுதான் முதல் தடவை. அண்ணியும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு வழக்கு கையை விட்டுப் போன கோபம். கோர்ட் இன்றைக்கு இல்லை, ஆனால் வெல்டரும் எஞ்சினியரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், வழக்கு இருக்கிறது, ஆள்தான் மாறும் என்று உறுமினார். அதற்கு முன்னால் இந்தச் சனியனை யாராவது ஆடாமல் நிறுத்துங்கள், இன்னொருத்தன் விழுவதற்குள் என்றார்.

வெல்டர் பட்டறையைத் திறந்து மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார். ஒயர் எட்டவில்லை. பக்கத்தில் திறந்திருந்தது டயர்கடை மட்டும்தான். பிளக் பாயிண்டுக்கு முன்னால் கடைக்காரர் கைகட்டி நின்றார். துரோகிக்கு என் கடையில் கரண்ட் கிடையாது என்றார்.

வெல்டரின் மனைவி ஒயரை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"அந்தப் பள்ளத்துல நாளைக்கு உங்க பையன் வண்டி விழுந்தாலும் இப்படித்தான் நிப்பீங்களா அண்ணே?"

அவர் நகரவில்லை. அவளாகவே அவர் தோளை ஒதுக்கிவிட்டு பிளக்கைச் சொருகினாள். அவர் தடுக்கவும் இல்லை. திரும்பி வந்து அம்பை வலப்பக்கம் திருப்பி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். இருந்தது ஒரே ஒரு முகமூடி. வெல்டர் அதை அவளுக்கு மாட்டிவிட்டு, தன் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கைப்பழக்கத்திலேயே பற்றவைத்தார். பட்டப்பகலில், தெரு பார்க்க, பொறி பறந்தது.

அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு அம்பைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. அப்புறம் இன்ஸ்பெக்டரிடம், ஸ்டேஷன் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் நிறுத்த முடியுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் யார் உதவியும் இல்லாமல் போலீஸ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

வெல்டர் கீழேயே நின்றார். "அம்மா வீட்டுக்குப் போயிடுவியா" என்று கேட்டார். அவள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல வந்து அந்த டிரைவர் முகத்தைப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."